யாரோ நினைக்காவ

மணி ஒம்பதே கால். பத்தரைக்கு அந்தப் புள்ள வருவா. அபிஷா, மார்த்தாண்டத்துக்காரி, பக்கவாதம் வந்தவங்களுக்கு முழுங்கப் பழக்குத படிப்பு படிச்சிருக்கா, அப்படி ஒரு படிப்பு இருக்குன்னே எனக்கு அறுபத்தொம்பது வயசுலதான் தெரியும். மூணு ஸ்பூன் குடுப்பா. மூணுல ஒண்ணாவது புரை ஏறாம சுத்தமா உள்ள போனா தப்பிச்சேன். மூணும் ஏறிட்டுன்னா நாளைக்குக் காலைல வயித்துல ஓட்டை போட்டு அது வழியாத்தான் இனிமே கஞ்சி, பெறவு சாகுத வரைக்கும் வாய் சும்மா. நேத்து பெரிய டாக்டர் இதைச் சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல, காலைப் பாத்துச் சொன்னாரு. பழைய தங்கபுஷ்பமா இருந்தா கேட்டிருப்பேன், ஏங்க, நான் இங்க மேல இருக்கேன், காலு என்ன பதில் சொல்லப் போவுதுன்னு. கேக்க வாய் இல்ல. சத்தம் வருது, எழுத்து வரல. நாக்கு நனைஞ்ச சாக்கு மாதிரி உள்ள கெடக்கு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி எறங்குததுக்குள்ள அவ மாமியா பேரு வரைக்கும் கேட்டு வச்சிருக்குத ஆளு நான். இருபத்திரெண்டு நாளா பேசாத பேச்செல்லாம் எங்க போவும், உள்ளேயே சுத்துது, வெளிய போவ வழியில்லாத ஈ மாதிரி கண்ணாடில முட்டி முட்டி விழுது. இங்க பாரு, என்ன சொல்ல வந்தேன், ஆங், ஸ்பூன். மூணு ஸ்பூன். பால்வாடில இருபத்தெட்டு வருஷம் டீச்சரா இருந்தேன், எத்தனை ஆயிரம் ஸ்பூன் ஊட்டியிருப்பேன், ஒருநாளாவது முழுங்குததுன்னா என்னன்னு யோசிச்சிருப்பேனா. முப்பிடாதின்னு ஒரு பிள்ள இருந்தா. சத்துமாவு உருண்டையக் கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருப்பா. முழுங்கிட்டியாட்டின்னா தலைய ஆட்டுவா, தொறன்னா தொறக்க மாட்டா. மூஞ்சில லேசா ஊதினா போதும், கண்ணை மூடி மொடக்குன்னு முழுங்கிருவா, சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். அவ இப்ப கோவில்பட்டில நர்ஸா இருக்கான்னாவ, இல்ல அவ தங்கச்சியா, யாரோ ஒருத்தி. எனக்கு இப்ப மூஞ்சில ஊத யாரு இருக்கா.

மூக்குக்குள்ள குழாய் அரிக்குது. சொறிய முடியாது, இடது கைக்குத் துணி உறை மாட்டிக் கட்டிலோட கட்டி வச்சிருக்காவ, போன புதன்கிழமை நான் குழாயப் பிடிச்சு இழுத்துட்டேன்லா, அதான். வலது கை அதுவா கெடக்கு, என் கை மாதிரியே இல்ல, யாரோ மறந்து வச்சிட்டுப் போன கை. சுகந்தி ஏழு மணிக்கு ஊத்தினா. என் மவதான், பாசமாத்தான் ஊத்துதா, ஆனா ஊசி மருந்து ஏத்துத மாதிரி குழாய்ல கஞ்சிய விடும்போது எனக்கு ஒண்ணுமே தெரியாது, நெஞ்சுக்குள்ள ஒரு சில்லுன்னு இறங்கும், அவ்வளவுதான். ருசி எப்ப தெரியும்னா ஏப்பத்துலதான். ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு ஏப்பம் வரும், ஓஹோ இன்னைக்குக் கேப்பையா, ஓஹோ பாலு லேசாத் திரிஞ்சிருக்குன்னு அப்பதான் நான் சாப்பிடுதேன். ஏப்பத்துல சாப்பிடுத பொம்பளை. சிரிப்பு வருது. சிரிக்கவும் முடியாது, ஒரு பக்கம்தான் ஏறும், சுகந்தி பாத்துட்டு யம்மா வலிக்கான்னு கேப்பா. இப்ப அவ ஃபோனை எடுத்துட்டா. சர்ச்சு குரூப்புல காலைல வந்ததை எனக்கு வாசிச்சுக் காட்டணும் அவளுக்கு. "யம்மா, கேளுங்க, சூரியன் தினமும் உதிக்கிறது, நீ மட்டும் ஏன் சோர்ந்து போகிறாய். நல்லாருக்குலா?" நல்லாருக்கு. சூரியனுக்கு எவன் மூக்குல குழாய் மாட்டினான். "இன்னொண்ணு வந்திருக்கு. நம்பிக்கை உள்ளவன் எதையும் விழுங்கி…" அவ பாதில நிறுத்திட்டா. பாவம், மூஞ்சி செவந்துட்டு. ஜன்னல்கிட்ட ஸ்டூல்ல உக்காந்திருக்காவ எங்க வீட்டுக்காரரு, அவியதான் சொன்னாவ, "ஏட்டி, அந்த ஃபோனைத் தூர வையி. அவளுக்குக் காப்பி வாசம் வருது, அந்தப் பிளாஸ்க்கையும் மூடு." "நீங்கதான தொறந்தீங்க?" "நான் குடிக்கல, ஆறிட்டான்னு பாத்தேன்." "இத்தோட மூணு தடவை ஆறிட்டான்னு பாத்துட்டிய, பாதி பிளாஸ்க் காலி." அவிய ரெண்டு கையையும் தொடைக்கு அடில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. இருபது நாளா அப்படித்தான், கைய வெளிய எடுத்தா ஏதோ தப்பு செஞ்சிரும்னு பயந்த மாதிரி. என்னைத் தொட்டு இருபது நாளாச்சு. செல்லத்துரைன்னு பேரு வச்சிருக்காவளே தவிர அப்படி ஒண்ணும் கொஞ்சுத ஆளில்ல, கல்யாணமான புதுசுல கூட எனக்குப் பூ வாங்கிட்டு வந்து ஜன்னல்ல வச்சிட்டுப் போவாவ, கைல தர மாட்டாவ. ஆனா சாப்பாட்டு மேசைல மட்டும் கை வரும். அதைத்தான் சொல்ல வந்தேன். அதைச் சொல்லக்கூடாதுன்னுதான் காலைல இருந்து வேற என்னத்தையெல்லாமோ சொல்லிக்கிட்டு இருக்கேன்.

மொதல்ல சின்னதாத்தான் வந்துது. பல்லு வெளக்கும்போது வாய்க்கடைல தண்ணி ஒழுகுச்சு, பேஸ்ட்டு மாத்துனதாலன்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல ரசஞ்சோறு புரை ஏறிச்சு. புரை ஏறினா யாரு பயப்படுவா, நம்ம ஊர்ல சந்தோஷம்லா படுவோம். அவிய உடனே எட்டி உச்சந்தலைல மூணு விரலால தட்டினாவ. "யாரோ நினைக்காவ. யாரு? உன் மவன் குவைத்துல சோறு பொங்கிக்கிட்டு இருப்பான், அம்மா கைப்பக்குவம்னு நினைச்சிருப்பான்." எங்க வீட்டுல அது ஒரு வெளையாட்டு, ஒவ்வொரு பேரா சொல்லணும், யாரு பேரைச் சொல்லும்போது இருமல் நிக்குதோ அவங்கதான் நினைச்ச ஆளு. மவன் பேருக்கு நிக்கல. சம்பந்தகாரி பேருக்கு நிக்கல. "அந்த ஜெபக்கூட்டத்து டெய்சியா இருக்கும், போன வாரம் அவளைப் பத்தி நீ பேசினதுக்கு இப்பத் திட்டிக்கிட்டு இருப்பா." நிக்கல. நான் மனசுக்குள்ள ஒரு பேரைச் சொன்னேன். ரத்தினம். நின்னுட்டு. கண்ணுல தண்ணி, மூக்குல ரசம், ஆனா எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு குளிர்ச்சி, என் தங்கச்சி நாசரேத்துல உக்காந்து என்னைய நினைச்சிருக்கா. பதினோரு வருஷம் கழிச்சு. மறுநாள் காப்பில ஏறிச்சு. ரத்தினம். ராத்திரி இட்லில ஏறிச்சு. ரத்தினம். ஒரு வாரத்துல மூணு வேளையும் ஏறுச்சு, அவியளும் அலுக்காமத் தட்டினாவ, "உனக்கென்ன, ஊரு முழுக்க உன்னையத்தான் நினைக்கு, எனக்கு ஒரு நாதி நினைக்கல பாரு, ஒருநாளாவது ஏறுதா" ன்னு கேலி வேற. சுகந்தி ஃபோன்ல கேட்டா, யம்மா என்ன குரல் ஒரு மாதிரி கொளகொளன்னு இருக்கு, டாக்டர்ட்ட காட்டுங்கன்னு. காட்டல. காட்டினா மருந்து தருவாவ, மருந்து தந்தா நின்னுரும், நின்னுட்டா ரத்தினம் என்னைய நினைக்குதது எனக்கு எப்படித் தெரியும். இதை யாருட்டயும் சொல்லல. சாப்பாட்டுல உக்காரும்போது ஆசையா உக்காந்தேன், புரை ஏறணும்னு ஆசை. ஒருநாள் ஏறாமப் போச்சு, அன்னைக்கு முழுசும் எனக்கு மனசே சரியில்ல, ஏன் நினைக்கல, உடம்புக்கு எதுவுமோன்னு. இப்படி ஒரு கிறுக்கி உலகத்துல இருப்பாளா.

ரத்தினம் பேசாமப் போனதுக்கு அவ மேல ஒரு குத்தமும் இல்ல. வாய்தான். என் வாய். அவ மவ ஷீபாவைப் பொண்ணு பாக்க சாத்தான்குளத்துல இருந்து வந்தாவ. பையன் பேங்க்ல வேலை, நல்ல குடும்பம், மாப்பிள்ளையோட அம்மாவுக்கு என்னைய ரொம்பப் பிடிச்சுப் போச்சு, பக்கத்துல உக்காத்தி வச்சுக்கிட்டா. நான் பேச ஆரம்பிச்சேன். பலகாரத்தைப் பத்திப் பேசி, ஷீபா சின்னப் பிள்ளைல முறுக்கு எப்படிக் கடிப்பான்னு சொல்லி, அதுல இருந்து அவளுக்கு மூணு வயசுல காய்ச்சல் வந்ததைச் சொல்லி, காய்ச்சல்ல வலிப்பு வந்து நான்தான் சாவியக் கைல திணிச்சு ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்னு, என் வீரத்தைச் சொல்லணும்லா, அதுக்காகச் சொன்னேன். அந்தம்மா கைல இருந்த முறுக்கைத் தட்டுல வச்சா. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்கு. சின்னச் சத்தம். காய்ச்சல் வலிப்பு எல்லாப் பிள்ளைக்கும் வரும், அஞ்சு வயசோட போயிரும்னு நான் பெறவு என்னத்தையெல்லாமோ பேசினேன், பேசப் பேசக் கெட்டுது. மாப்பிள்ளை வீட்டுக்காரவ எந்திச்சுப் போன பெறவு ரத்தினம் அழவும் இல்ல, திட்டவும் இல்ல. "அக்கா, உனக்குக் கதை சொல்லணும். எவ வாழ்க்கையா இருந்தா என்ன, உனக்குக் கதை சொல்லணும்." அவ்வளவுதான். ஷீபாவுக்கு ஏழு வருஷம் கழிச்சுக் கல்யாணம் ஆச்சு, எனக்குப் பத்திரிகை தபால்ல வந்துது, பேரு இல்லாம, குடும்பத்தார்னு போட்டு. நான் போகல. போயிருக்கணுமோ. போயிருந்தா அங்கயும் எவளாவது பக்கத்துல உக்காந்திருப்பா, நான் பேசியிருப்பேன்.

பதினஞ்சாம் நாள் காய்ச்சல், மூச்சு வாங்குச்சு, இங்க கொண்டாந்தாவ. மூணு நாள் எனக்கு நினைவில்ல, முழிச்சா பேச்சும் வலது கையும் போயிருந்துது. அந்த மூணு நாள்ல நடந்ததைச் சுகந்தி அவ வீட்டுக்காரர்ட்ட ஃபோன்ல சொல்லும்போது நான் கேட்டுக்கிட்டு இருந்தேன், தூங்குதேன்னு நினைச்சுட்டா. டாக்டர் எக்ஸ்ரேயத் தூக்கிப் பிடிச்சாராம், நெஞ்சு முழுக்க வெள்ளையா, சோறும் தண்ணியும் வயித்துக்குப் போகாம மூச்சுக்குழாய்ல போயிருக்கு, வாதம் வந்த தொண்டைக்கு முழுங்கத் தெரியாது, எத்தனை நாளாப் புரை ஏறுதுன்னு கேட்டாராம். எங்க வீட்டு மனுசன் உண்மைய அப்படியே சொல்லியிருக்காவ. "பதினஞ்சு நாளா ஏறுது சார். யாரோ நினைக்காவன்னு இருந்தோம்." டாக்டர் சும்மா அவியளையே பாத்தாராம். அன்னைக்குத் தொடைக்கு அடில போன கைதான். அவிய மேல என்ன தப்பு, அவிய தலைலதான் தட்டினாவ. நான்லா ஆசையா முழுங்கினேன். எல்லாரும் நம்பிக்கை நம்பிக்கைங்காவ, வாசிச்சுக் காட்டுதாவ, பாஸ்டரம்மா வந்து கையப் பிடிச்சுக்கிட்டு நம்பிக்கைய விடாதிய சிஸ்டர்ங்கா. நான் நம்பினதுதான் நெஞ்சுல சளியாக் கட்டி வெள்ளையா நின்னுது, எக்ஸ்ரேல எல்லாரும் பாத்தாவ. ரத்தினத்துக்குச் சொல்லிட்டாளாம் சுகந்தி. மொத நாளே சொல்லிட்டாளாம். "சித்தி என்ன சொன்னாவ?"ன்னு அவிய கேட்டாவ. "சரின்னு சொன்னாவப்பா." "சரின்னா?" "சரின்னா சரிதான்." நாசரேத்து பஸ் இங்க வர ஒன்றரை மணி நேரம். இருபத்திரெண்டு நாள். அவ என்னைய ஒருநாளும் நினைக்கல, ஒரு வாய் ரசத்துக்குக் கூட நினைக்கல, அது ஒரு ரத்தக்கட்டி, தலைக்குள்ள ஒரு மிளகு அளவு ரத்தக்கட்டி, அதைப் போய் நான் தங்கச்சின்னு கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கேன். அது தெரிஞ்ச அன்னைக்குத்தான் அந்தக் குழாய் இழுத்த புதன்கிழமை. இழுத்தேன். சும்மா இழுக்கல, முடியட்டும்னுதான் இழுத்தேன். யாருட்டயும் சொல்ல முடியாது, அரிச்சுதுன்னு நினைச்சுக்கிட்டாவ. அரிக்கவும்தான் செஞ்சுது. பாதி வெளிய வந்துட்டு, அதுக்குள்ள சுகந்தி கத்திட்டா, அவ கத்தின கத்துல நான் கைய விட்டுட்டேன், எதுக்கு விட்டேன்னு தெரியல, சின்னப் பிள்ளைல கூட அவ அப்படிக் கத்தினதில்ல, பாம்பைப் பாத்த மாதிரி. இருமல் வந்துச்சு, மூச்சு நின்னு நின்னு வந்துச்சு, முடியட்டும்னு இழுத்த அதே ஆளுதான் மூச்சுக்கு அப்படி அடிச்சுக்கிட்டேன், வெக்கமா இருக்கு. உள்ள யாரோ ஒருத்தி என்னையக் கேக்காம மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா. அவளுக்குக் கதையும் தெரியாது, ரத்தினத்தையும் தெரியாது.

வந்துட்டா. பத்தரைன்னா பத்தரைதான். சின்ன டப்பால சப்ஜா மாதிரி கெட்டியா ஏதோ கலக்கிக் கொண்டாந்திருக்கா, பச்சை கலரு. "பாட்டி, ரெடியா? நேரா உக்காருங்க. தாடையத் தாழ்த்தி நெஞ்சுல ஒட்ட வைங்க. முழுங்கும்போது வேற எதையும் நினைக்கக்கூடாது, முழுங்குறதை மட்டும் நினைக்கணும். அது போதும்." அது போதுமாம். அறுபத்தொம்பது வருஷத்துல ஒரு நிமிசம் ஒரு விஷயத்தை மட்டும் நான் நினைச்சதில்ல, கர்த்தருக்கே தெரியும், ஜெபம் பண்ணும்போதே அடுப்புல பாலு என்னாச்சுன்னு இருக்கும். அபிஷா என் கழுத்துல ரெண்டு விரல் வச்சுக்கிட்டா. ஸ்பூன் வருது. குளுகுளுன்னு நாக்குல இருக்கு, என்ன ருசின்னு தெரியல, எலுமிச்சையோ, இருபத்திரெண்டு நாள்ல வாய்க்குள்ள வந்த மொத ருசி, எலுமிச்சைதான், ரத்தினம் வீட்டுக் கொல்லைல ஒரு எலுமிச்சை நின்னுது, அவளுக்கு மசக்கையா இருக்கும்போது ஒரு நாளைக்கு நாலு… போச்சு. ஏறிட்டு. நெஞ்சைக் கிழிச்சுக்கிட்டு இருமுதேன், சுகந்தி முதுகைத் தடவுதா, அபிஷா கழுத்துல காதை வச்சுக் கேக்கா, அவிய எந்திச்சு ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வெளிய பாத்துட்டாவ. "பரவால்ல பாட்டி. இன்னும் ரெண்டு இருக்கு." ரெண்டாவது. எலுமிச்சைய நினைக்கக்கூடாது. எலுமிச்சைய நினைக்கக்கூடாதுன்னு நினைச்சா எலுமிச்சைதான் வருது, சரி ஓட்டைய நினைப்போம், வயித்துல ஓட்டை, நாளைக்குக் காலைல, பெறவு அவிய தனியா மேசைல உக்காந்து சாப்பிடுவாவ, எதுக்க நான் இருக்க மாட்டேன், இருந்தாலும் பாத்துக்கிட்டு இருப்பேன், அவியளுக்கு ஒரு வாய் இறங்குமா… ஏறிட்டு. இந்தத் தடவை கண்ணு இருட்டிட்டு. அபிஷா டப்பாவைக் கீழ வச்சிட்டு என் எதுக்க முட்டி போட்டு உக்காந்தா. "பாட்டி, ரெண்டு தடவையும் நீங்க யாரையோ நினைச்சீங்க. கண்ணு எங்கயோ போச்சு, உடனே ஏறுச்சு. நான் பாத்துட்டுதான இருக்கேன்."

இவ சின்னப் பொண்ணு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. யாரையோ நினைச்சீங்கன்னுட்டா. புரை ஏறினா யாரோ நம்மளை நினைக்காவன்னு பதினஞ்சு நாள் சந்தோஷமா இருந்தேன். நினைச்சது நான்தான். பதினோரு வருஷமா ஒவ்வொரு வாய்க்கும் நான்தான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன், அவ இல்ல. அவ மறந்துட்டு நிம்மதியா முழுங்கிக்கிட்டு இருக்கா. இருக்கட்டும். அவளுக்கு அது நல்லதுதான். எனக்கு அழுகை வரல, அழுதா அதுவும் ஏறும்.

"கடைசி ஸ்பூன் பாட்டி. அவசரமில்ல. நீங்க தலைய ஆட்டினா தருவேன்."

ரத்தினம், நீ வெளிய இரு. உன் மேல கோவம் இல்ல, நீ வராம இருந்தது சரி, இப்ப மட்டும் வெளிய இரு. ஷீபாவையும் கூட்டிக்க. அந்த முறுக்குத் தட்டையும் எடுத்துக்க. சுகந்தி, ஃபோனோட நீயும். பாஸ்டரம்மா போங்க. என்னைய விட்டுட்டுச் செத்துப் போன என் அம்மா, நீங்களும். முப்பிடாதி, ஏட்டி, நீயும் போ. ஜன்னல்கிட்ட நிக்குத மனுசா, நீரும் கொஞ்ச நேரம். யாரும் வேண்டாம். யாரும் என்னைய நினைக்க வேண்டாம். நல்லாருவேன்னு நினைக்க வேண்டாம், சாவேன்னும் நினைக்க வேண்டாம். நாளைக்குன்னு ஒண்ணும் இப்ப இல்ல.

தலைய ஆட்டினேன்.

ஸ்பூன்.

நாக்கு. குளிர்ச்சி.

தாடை நெஞ்சுல.

பின்னால தள்ளு. தள்ளு.

தொண்டைல ஒரு எலும்பு மேல ஏறுது. ஏறி நிக்குது.

இறங்குது.

அபிஷா கழுத்துல இருந்து விரலை எடுக்கல. "ஆ சொல்லுங்க பாட்டி." சொன்னேன். "இன்னொரு தடவை." சொன்னேன். கொளகொளப்பு இல்ல, காஞ்ச சத்தம், வெறகு ஒடிஞ்ச மாதிரி. அவ வாட்ச்சைப் பாத்துக்கிட்டு இருந்தா, சுகந்தி மூச்சே விடல. ஒரு நிமிசம் ஆயிருக்கும். "இறங்கிருச்சு" ன்னா அபிஷா. "நாளைக்கு வயித்துல ஓட்டை வேண்டாம்னு டாக்டர்ட்ட சொல்லிர்றேன். மூக்குக் குழாய் இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும். ஒரு நாளைக்கு அஞ்சு ஸ்பூன் இப்படி, கெட்டியா மட்டும். தண்ணி கூடாது, காப்பி கூடவே கூடாது." சுகந்தி என் காலைக் கட்டிக்கிட்டு அழுதா. அழட்டும். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல, அஞ்சு ஸ்பூன்ல எந்தச் சந்தோஷம் இருக்கு, நாளைக்குக் காலைல திரும்பவும் இதே வாசல்ல போயி எல்லாரையும் வெளிய அனுப்பணும், மறுநாளும், அதுக்கு மறுநாளும், ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, முடியுமான்னு தெரியல. "வீட்டுல யாரு ஊட்டுவீங்க?" அபிஷா கேக்கா. "இப்பவே பழகிக்கணும். தாத்தா, நீங்க வாங்க, அடுத்த ஸ்பூன் நீங்க குடுங்க."

அவிய ஜன்னல்ல இருந்து திரும்பல. "நான் வேண்டாம்மா. மவ குடுப்பா."

"அவங்க ஊருக்குப் போயிருவாங்கல்ல. நீங்கதான தாத்தா வீட்டுல?"

"என் கை சரியில்லம்மா."

"என்ன, நடுக்கமா?"

அவிய கம்பியப் பிடிச்ச கைய எடுக்கல. அபிஷா அவியளையும் பாத்து என்னையும் பாத்தா. அவளுக்கு எதுவும் தெரியாது, ஆனா டப்பாவையும் ஸ்பூனையும் கொண்டு போயி ஜன்னல் கட்டைல, அவிய கைக்குப் பக்கத்துல வச்சிட்டு ஒதுங்கி நின்னுக்கிட்டா. பழைய தங்கபுஷ்பமா இருந்தா இந்நேரம் நூறு வார்த்தை சொல்லியிருப்பேன், உம்ம மேல தப்பு இல்ல, நான்தான் ஆசைப்பட்டேன், எனக்கு ரத்தினம் கிறுக்குன்னு ஆதில இருந்து ஆரம்பிச்சு, அதுக்குள்ள நாலு கிளைக்கதை சொல்லி, அவியளை அழ வச்சு, நானும் அழுது. ஒண்ணும் சொல்ல முடியல. தாடைய நெஞ்சுல ஒட்ட வச்சேன். அவிய திரும்பிப் பாக்குத வரைக்கும் வாயைத் தொறந்தபடி உக்காந்திருந்தேன்.